பாலத்தடியில் பதிவான மீன்கள்

என் அண்ணிக்கு மீன் வாடையே ஆகாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் தூண்டில் பைத்தியம், வாய்த்த வேலை மீன் ஆய்வு மையத்தில். வேண்டாம் என்று தள்ளுவதைத்தான் வாழ்க்கை தட்டு நிறைய வைக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அது சிரித்த காலம்.

நான் அவளுக்கு நாத்தனார். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருவது அபூர்வம் என்பார்கள். இப்போது வருகிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மையம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே நாளெல்லாம் சுத்தியல் சத்தம், ரப்பர் நாற்றம். மேலே அலமாரி முழுக்கக் கண்ணாடிப் புட்டிகளில் செத்த மீன்கள். அண்ணி அங்கே புட்டி கழுவத்தான் போனாள். முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு கழுவுவாளாம். பிறகு அவளுடைய பேச்சுத் திறமையைப் பார்த்து ஒரு சாம்பல் நிறச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையும் கொடுத்து ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலை இதுதான். ஆறு நீளமானது, மையத்தில் வலை போடுகிற ஆட்கள் சொற்பம். ஆனால் கரை நெடுக விடிந்தது முதல் இருட்டும் வரை தூண்டில்காரர்கள் கண்கொத்திப் பாம்பாய் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பிடிக்கிற மீனை போனில் ஒரு படம் எடுத்து மையத்தின் ஆப்பில் அனுப்பினால் போதும், எந்த மீன் எங்கே இருக்கிறது, எது குறைகிறது என்று தெரிந்துவிடும். அனுப்ப வைக்க வேண்டியது அண்ணி. வருகிற படத்தைப் பார்த்து ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று அமுக்க வேண்டியதும் அவள்தான்.

எல்லா மீனையும்விட ஒரு மீனுக்காகத்தான் மையம் தவித்துக்கொண்டிருந்தது. பொட்டுக் கெண்டை. உள்ளங்கை நீளம், வால் தொடங்குகிற இடத்தில் மை வைத்தது போல ஒரு பொட்டு. பாசியும் அல்லியும் மண்டிய அசையாத தண்ணீரில்தான் நிற்கும். ஒரு காலத்தில் ஆறு முழுக்க இருந்ததாம். இப்போது வலையில் விழுந்தே வெகுகாலம் ஆகிவிட்டது.

ஒருநாள் மையத்தின் தலைவர் அண்ணியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கிடங்குகளுக்குப் பின்னால் ஆற்றிலிருந்து பிரிந்த ஒரு மடு இருக்கிறது, அதை மண் கொட்டி மூடி லாரி நிறுத்த இடமாக்கக் கிடங்குக்காரர்கள் அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்றார். பொட்டுக் கெண்டை அங்கே வாழ்கிறது என்று காட்டிவிட்டால் யாரும் மடுவில் கைவைக்க முடியாது. காட்டாவிட்டால் மண் விழும். பாசி பின்னிக்கொள்வதால் அங்கே வலை இழுக்க வழியில்லை. தூண்டில் முள்ளுக்கு மட்டும்தான் அந்த மீன் அகப்படும். ஆகவே தூண்டில்காரர்கள் படம் அனுப்பியே ஆகவேண்டும்.

"ஆனா இதை வெளியில மூச்சு விடக் கூடாதும்மா" என்றாராம். "மீன் இருந்தா மடு நிக்கும்னு கிடங்குக்காரங்களுக்குத் தெரிஞ்சா ராத்திரியோட ராத்திரியா மருந்து ஊத்திடுவாங்க. வீட்டுல கூட சொல்லாதீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணியோ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ரகம். என்னிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. காரணத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, காரணம் சொல்லாமல் ஊரைக் கெஞ்சப் புறப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். மீனை அளக்கிற பிளாஸ்டிக் பட்டைகள் நிறைந்த பையைச் சுமக்க ஓர் ஆள் வேண்டுமே. கரையில் எல்லோருக்கும் பெரியவர் சலூன்காரர். அவர் தும்மினால்கூட மற்றவர்கள் கவனிப்பார்கள். அவர் பக்கத்தில் போய் அண்ணி குந்தினாள்.

"அண்ணே, இன்னைக்கு ஏதாவது கிடைச்சுதா?"

"கிடைக்கும்."

"கிடைச்சா ஒரு போட்டோ எடுத்து இதுல அனுப்புறீங்களா? ரொம்ப சுலபம்ண்ணே. நான் சொல்லித் தரேன்."

"தங்கச்சி, உன் நிழல் தண்ணியில விழுது."

அண்ணி எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். "இப்ப சரியாண்ணே?"

"இப்ப உன் குரல் விழுது."

அடுத்தவர் பஸ் ஓட்டுநர். கரையில் அவருக்கு ஸ்டியரிங் என்று பெயர். அவர் கொஞ்சம் பேசுகிறவர். "படம் அனுப்பினா நாளைக்கே எவனாவது வந்து இங்க மீன் புடிக்கக் கூடாதுன்னு போர்டு நட்டுட்டுப் போவான். அப்ப நீ வந்து எனக்காகப் பேசுவியாம்மா?"

"அப்படியெல்லாம் ஆகாதுண்ணே."

"எழுதிக் குடுப்பியா?"

அண்ணியால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. அளவுப் பட்டையை வாங்கிக்கொண்டார்கள், அதை வைத்துப் புழு நறுக்கினார்கள். கல்லில் நார் உரிக்கிறது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தேன்.

வீட்டிலேயே ஒரு தூண்டில்காரன் இருக்கிறானே, அவனைக் கேட்கக் கூடாதா என்று தோன்றும். கேட்டாள். அண்ணன் மின்மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கடையில் வேலை பார்க்கிறவன். லீவு நாளானால் தூண்டிலோடு மறைந்துவிடுவான். எங்கே போயிருந்தாய் என்றால் "பாலத்தடியில" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

"நான் முதல்ல அனுப்பினா காட்டிக்குடுத்தவன்னு என்னை ஒதுக்கிடுவாங்க" என்றான். "நீ சலூன்காரரை வளை. அவர் அனுப்பினா எல்லாரும் அனுப்புவாங்க."

"என்னங்க, எனக்காக ஒண்ணே ஒண்ணு."

"எதுக்கு இப்படித் துடிக்கிறே? வேலைதானே, நடக்கும்போது நடக்கும்."

அவள் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆப்பில் ஒரு படமும் வரவில்லை. தலைவர் கேட்கக் கேட்க அண்ணி இளைத்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டு நிற்பாள், பால் பொங்கி வழிந்து கருகும். எனக்கும் அவளுக்கும் இதனால் வாய்ச்சண்டையே வந்தது. "மீன் படத்துக்கு இப்படி அடிச்சுக்கிற முதல் பொம்பளை நீங்கதான் அண்ணி" என்றேன். அவள் பாத்திரத்தைச் சுரண்டினாள். கண்ணிலிருந்து நீர் சொட்டியது. பாலுக்காக யாராவது அழுவார்களா என்று நான் நினைத்தேன்.

வழி கிடைத்தது பாலத்தடி டீக்கடையில். பாலத்துக்குக் கீழே ஆற்றைப் பார்த்தபடி ஒரு டீக்கடை உண்டு. அங்கே இரண்டு பேர் ஒருநாள் யார் பிடித்த மீன் பெரியது என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி அப்படியே நின்றுவிட்டாள். எங்கே பிடித்தாய் என்றால் ஊமையாகிவிடுகிற கூட்டம், எவ்வளவு பெரிசு என்றால் கையிரண்டும் தானாக விரிகிற கூட்டம்.

மறுவாரமே டீக்கடைச் சுவரில் ஒரு பலகை ஏறியது. ஆப்பில் வருகிற படங்களில் பெரிய மீன்களுக்குப் பலகையில் இடம். அந்த வாரத்துக்கே பெரிய மீன் பிடித்தவனுக்கு ஒரு தொப்பி. தொப்பியை நான்தான் தைத்தேன், முன்னால் மீன் உருவம் வைத்து. பொட்டுக் கெண்டை சின்ன மீன் என்பதால் அதற்குத் தனி வரிசை, தனித் தொப்பி.

"இடமெல்லாம் நீங்க எழுத வேண்டாம்" என்று அண்ணி எல்லோருக்கும் விளக்கினாள். "எங்க நின்னு அனுப்புற பட்டனை அமுக்குறீங்களோ, அந்த இடத்தை ஆப்பே குறிச்சுக்கும்."

"ஓகோ" என்றார் சலூன்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். ரொம்பக் கவனமாகத் தலையாட்டினார்கள்.

படங்கள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு மழையாக. வீட்டில் பெண்டாட்டி சொல்லி ஒரு சாமான் வாங்காதவனெல்லாம் என் தொப்பிக்காக மீனை அளவுப் பட்டையில் படுக்க வைத்து, வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்தான். சலூன்காரர் தொப்பியோடுதான் முடிவெட்டினார். அண்ணன்கூட அனுப்பத் தொடங்கினான்.

ஸ்டியரிங் அனுப்பிய ஒரு படத்தில் வால் பக்கம் அந்தப் பொட்டு இருந்தது. அண்ணி மாடிப்படி இறங்கி, தெருவெல்லாம் ஓடி, வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் கையில் கத்தரிக்கோல் இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை. "இருக்குடீ, செத்துப் போகலை, இருக்கு" என்றாள். அதற்குப் பிறகும் பொட்டுக் கெண்டைகள் வந்தன. அண்ணன் ஒன்று அனுப்பினான், சலூன்காரர் ஒன்று அனுப்பினார். ஒவ்வொன்றும் வரும்போது அண்ணி வரைபடத்தைத் திறந்து பார்ப்பாள். புள்ளி பாலத்தடியில் விழுந்திருக்கும். மடு வெறுமையாக இருக்கும்.

பாலத்தடியில் புள்ளிமேல் புள்ளி விழுந்து அந்த இடமே தெரியாமல் போயிற்று. மடுவில் ஒன்றுகூட இல்லை. அனுமதி கொடுக்கிற நீர்வள அலுவலகம் மையத்திடம் அறிக்கை கேட்ட தேதி வந்தது. தலைவர் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார்: பொட்டுக் கெண்டை பாலத்தடியில் நன்றாக இருக்கிறது, மடுவில் இருப்பதாகப் பதிவு இல்லை.

"சார், பாலத்தடியில தண்ணி இழுத்துட்டுப் போகுது. பாசியே கிடையாது. இந்த மீன் அங்க எப்படி சார் நிக்கும்?" என்று அண்ணி கேட்டிருக்கிறாள்.

"எனக்கும் புரியலைம்மா. ஆனா பதிவு அப்படித்தானே சொல்லுது. நீங்க பாடுபட்டு வாங்கின பதிவு."

வலைக்காரர்களைக் கெஞ்சி பாலத்தடியில் வலை போட வைத்தாள். நாள் முழுக்க இழுத்தார்கள். வேறு மீன் வந்தது, ஒரு செருப்பு வந்தது, சைக்கிள் டயர் வந்தது. பொட்டுக் கெண்டை வரவில்லை. அவர்கள் வலையை உதறி மடித்த நேரத்தில், மடுவை மூட அனுமதி கொடுத்தாகிவிட்டது என்று தலைவரிடமிருந்து போன் வந்தது.

அன்று மாலை அவள் நேராகச் சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அண்ணி சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"பாலத்தடியில ஒரு மீன்கூட இல்லை. இத்தனை பேரு புடிச்ச இடத்துல ஒண்ணுகூட இல்லை."

அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொன்னான். "பாலத்தடியில எவன் மீன் புடிப்பான்?"

"என்ன?"

"அங்க புடிக்க என்ன இருக்கு? யாராவது கேட்டா பாலத்தடின்னு சொல்றதுதான். புடிக்கிற இடத்தை வெளியில சொல்ல முடியுமா? உன் ஆப்பு வேற இடத்தைக் குறிச்சுக்குதுன்னு நீயே சொன்னே. அதான் எல்லாரும் டீக்கடைக்கு வந்து அமுக்குறோம். இது கரையில எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

அண்ணியின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். "அப்ப நீங்க எங்க புடிச்சீங்க?" என்றாள்.

அண்ணன் மென்று முழுங்கினான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு அவன் சொல்லாத கேள்வி அது. "கிடங்குக்குப் பின்னால. மடுவுல."

அண்ணி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. எழுந்து அவன் தட்டைத் தட்டிவிட்டாள். சோறு சுவரில் தெறித்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: தலைவர், சாத்திய கதவு, மண், லாரி, அனுமதி. அண்ணன் கையில் ஒட்டிய சோற்றோடு உட்கார்ந்திருந்தான்.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறக்காமலே கெட்டுப்போயிருந்தோம். நான் சுவரைத் துடைத்தேன். எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலவும் இருந்தது, இரண்டு பேரையும் மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

காலையில் சலூனுக்குப் போனோம். சலூன்காரர் ஒருவருக்குப் பாதிக் கன்னம் மழித்திருந்தார். அண்ணன் ஆளனுப்பி ஸ்டியரிங்கையும் மற்றவர்களையும் வரவழைத்திருந்தான். அண்ணி எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். இனி மறைத்து யாரைக் காப்பாற்ற? மடுவில் பிடித்ததாக எல்லோரும் வந்து சொன்னால் இன்னும் நிறுத்தலாம் என்றாள்.

"மடுவா?" என்றார் சலூன்காரர். "எந்த மடு?"

"நான் அந்தப் பக்கமே போனதில்லைம்மா" என்றார் ஸ்டியரிங்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கத்தியைப் பிடுங்கியிருப்பேன். அண்ணன்தான் முன்னால் வந்தான். "நான் மடுவுலதான் புடிக்கிறேன். அல்லி மண்டிக் கிடக்குதே, அந்த மூலையில."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "டேய், அது என் மூலைடா."

"உங்க மூலையா? விடியக்காலையில நான்தானே அங்க இருப்பேன்?" என்றார் ஸ்டியரிங்.

"நான் மதியம் வருவேன்" என்றார் சலூன்காரர்.

எல்லோருக்கும் அதே மூலைதான். வேளைதான் வேறு வேறு. ஒவ்வொருவனும் உலகத்தில் தனக்கு மட்டுமே தெரியும் என்று வருஷக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்த இடம். பாதிக் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடிக்குள்ளிருந்து மெல்ல, "நானும் அங்கதான்" என்றார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

கூட்டமாக நீர்வள அலுவலகத்துக்குப் போனார்கள். அனுமதி கொடுத்த பொறியாளர் மேஜையில் பாலத்தடிப் புள்ளிகளின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப பாலத்தடின்னு சொன்னது பொய்யா, இப்ப மடுன்னு சொல்றது பொய்யா?"

"அப்ப சொன்னது பொய் இல்லீங்க" என்றார் சலூன்காரர். "வழக்கம்."

பொறியாளர் சிரிக்கவில்லை. மோசமான மனிதரும் இல்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில நான் மடுவுக்கு வரேன். என் கண்ணு முன்னாடி அந்த மீன் ஒண்ணைப் புடிச்சுக் காட்டுங்க. உயிரோட ஒண்ணு. நிறுத்திடுறேன்."

மறுநாள் நான் போட்ட தையலைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். கிடங்குச் சுவர்களுக்கு நடுவே குனிந்து போகிற ஒரு சந்து, அதைத் தாண்டினால் மடு. கறுப்புத் தண்ணீர், அதன்மேல் அல்லி இலைகள். அத்தனை தூண்டில்காரர்களும் முதல் தடவையாக ஒன்றாக, தோளோடு தோள் இடிக்க அந்த மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். மடுவின் வாயில் மண்வாரி இயந்திரம் உறுமியபடி காத்திருந்தது. பொறியாளர் ஒரு கல்லின்மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார்.

ஒரு தக்கைகூட அசையவில்லை. இத்தனை காலடி, இத்தனை நிழல், இயந்திரத்தின் அதிர்வு. மீன் எங்கேயோ அடியில் பாசிக்குள் ஒடுங்கிவிட்டது. சலூன்காரர் புழுவை மாற்றினார், மாவு வைத்தார், எச்சில் தொட்டு வைத்தார். "கடிடா, கடிச்சுத் தொலைடா" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். அண்ணி சுவரோடு சுவராக, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள். தன் நிழல் விழக் கூடாதென்று இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

பொறியாளர் சொன்ன நேரத்துக்கு மேலும் உட்கார்ந்திருந்தார். பிறகு கைக்குட்டையை உதறி மடித்தார். அண்ணி ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"சார், இன்னும் கொஞ்ச நேரம். சாயங்காலம் கடிக்கும் சார். இருக்கு சார், சத்தியமா இருக்கு."

"நான் என்னம்மா பண்ணட்டும்? எதைக் காட்டி நிறுத்தச் சொல்றே?"

அவர் காலில் விழப் போனவளை நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பெண் யார் காலிலும் விழுந்து நான் பார்த்ததில்லை. அவர் சந்துக்குள் குனிந்து போனார். இயந்திரம் நகர்ந்தது.

மடுவின் வாய் அன்றே அடைபட்டது. அடுத்து பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் வற்ற வற்ற அல்லி இலைகள் சேற்றில் படுத்தன. நடுவே மிஞ்சிய குட்டையில் பொட்டுக் கெண்டைகள் மேலே வந்தன. ஒன்றிரண்டு இல்லை. குட்டையே வெள்ளியாகத் துடித்தது. ஒவ்வொன்றின் வாலிலும் பொட்டு. ஆறு முழுக்கத் தேடியதெல்லாம் ஒரே இடத்தில் இருந்திருக்கிறது.

தூண்டில்காரர்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கினார்கள். வாளியில் அள்ளி ஆற்றில் விட்டார்கள். இழுவைத் தண்ணீரில் அவை மல்லாந்து மல்லாந்து போயின, எது பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது. அண்ணி கரையில் நின்று கத்தினாள். "படம் எடுங்க! இங்கேயே நின்னு அமுக்குங்க! மண்ணு விழுறதுக்குள்ள பதிவு வந்தா நிறுத்தலாம்!"

அமுக்கினார்கள். நின்ற இடத்தில் நின்று, சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து அமுக்கினார்கள். அண்ணியின் போன் ஓயாமல் ஒலித்தது. வரைபடத்தில் மடு நிரம்பத் தொடங்கியது. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து ஏற்கிறேன், ஏற்கிறேன் என்று அமுக்கினாள். தலைவர் அவற்றை அச்செடுத்துக்கொண்டு நீர்வள அலுவலகத்துக்கு ஓடினார்.

அவர் போன் செய்தபோது அண்ணி மடுவின் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"எல்லாத்தையும் பாத்தாரும்மா. நம்புறாரு. ஆனா சட்டத்துல மீன் வாழுற நீர்நிலைன்னுதான் இருக்காம். இப்ப அங்க நீரே இல்லை, மீனும் செத்துட்டுது, எதைக் காப்பாத்தச் சொல்றீங்கன்னு கேக்கிறாரு." பிறகு சொன்னார். "வந்த பதிவையாவது எல்லாம் ஏத்துக்குங்கம்மா. கணக்குல இருக்கட்டும்."

போன் அதற்குப் பிறகும் ஒலித்துக்கொண்டிருந்தது. சேற்றில் நின்றவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவள் கண்ணைத் துடைக்காமலே திறந்து திறந்து அமுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் உண்மையான இடம், உண்மையான அளவு, தெளிவான படம். அவள் இத்தனை நாள் கெஞ்சிக் கேட்டது இதைத்தான்.

கடைசியில் அண்ணனுடைய படம் வந்தது. அவன் குட்டையின் நடுவில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துப் போனை உயர்த்திக் காட்டினான், வந்ததா என்று கேட்பது போல. உள்ளங்கையில் ஒரு பொட்டுக் கெண்டை, வாய் பிளந்து கிடந்தது. கீழே குறிப்பு எழுதுகிற கட்டத்தில் அவன் எழுதியிருந்தான்: "என் இடம். இங்கேதான் எப்போதும் பிடிப்பேன்."

அண்ணி அதைப் படித்தாள். அவள் விரல் பட்டன் வரைக்கும் போயிற்று, நின்றது, மறுபடி போயிற்று. பிறகு போனை என் மடியில் போட்டாள்.

"நீ அமுக்குடீ" என்றாள். "என்னால முடியலை."

நான் அமுக்கினேன்.